அந்தச் சவுக்குத் தோப்பு எத்தனை கஜம்?

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதலில் என்னைத் தோற்கடித்தவர் ஓர் இட்லிக்காரர். "இன்னா சார், நாஸ்தா ஆச்சா? ஆவலன்னா இப்பிடிக் குந்துங்கோ" என்றார். நான் மலாயாவில் பிறந்தவன். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் காப்பிக்கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிட்டது. மீதிப் படிப்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் விட்டுப்போன பேச்சுதான். தமிழ் ஒன்றுதான் நமக்குச் சொத்து என்று நினைத்துக் கப்பலேறியவன், அந்தச் சொத்தை இவ்வூர்க்காரர்கள் வேறு விதமாகச் செலவழிப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு குந்தினேன்.

இட்லியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காப்பிதான் எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் பக்கத்தில் கொட்டையை வெண்ணெய் போட்டு வறுத்து, துணிப்பையில் வடித்து, கறுப்பாகக் கொடுப்போம். இங்கே பாதி பால், பாதி சிக்கரி, மேலே ஒரு முழம் நுரை. "காப்பி எப்டி கீது?" என்று கேட்டார். "தாய்ப்பால் மாதிரி இருக்கிறது" என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நுரை ஊற்றினார்.

என்னோடு வந்த முத்தையா இட்லியைத் தொடவே இல்லை. தண்டவாளத்துக்கு அப்பால் விரிந்து கிடந்த ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தத் துவைக்கிற கல்லு நானூற்றைம்பது கஜம்ணே" என்றான். அவனுக்கு அது வியாதி. கப்பலில் வரும்போதே தூரத்துப் படகு, கலங்கரை விளக்கு, மிதக்கிற மரக்கட்டை எல்லாவற்றுக்கும் கஜக் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். சரியா தப்பா என்று நடந்து போய்ப் பார்க்கக் கடலில் வழியில்லை என்பதால் நானும் ஒத்துக்கொண்டே வந்தேன்.

பயணத்துக்கே காரணம் அவன்தான். பட்டணத்துத் துப்பாக்கிச் சங்கம் ஒன்று செங்கல்பட்டு மலையடிவாரத்திலும் மாமல்லபுரம் கடற்கரையிலுமாகப் போட்டி வைத்திருந்தது. வட்டம் போட்ட பலகையைச் சுடுகிற போட்டி அல்ல அது. மேட்டிலும் பள்ளத்திலும் கரையிலும் இரும்புத் தகடுகளை நட்டுவைத்திருப்பார்கள். தூரம் எவ்வளவு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். கண்ணால் பார்த்து நீயே முடிவு செய்ய வேண்டும். எல்லாருக்கும் சங்கத்தின் துப்பாக்கிதான். ஒரு தகட்டுக்கு இரண்டே குண்டு. பக்கத்தில் படுத்து, பைனாகுலரில் பார்த்து, குண்டு விழுந்த இடத்தைச் சொல்ல ஒரு துணையாளை வைத்துக்கொள்ளலாம். அந்தத் துணையாள் நான்.

குண்டு நேராகப் போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எறிந்த கல்லைப் போல அதுவும் வளைந்துதான் போகிறது என்று முத்தையா சொல்லிக் கொடுத்தான். தூரத்துக்குத் தக்கபடி துப்பாக்கியின் பின்பக்கம் குறி பார்க்கும் சைட்டை உயர்த்தி வைக்க வேண்டும். தூரத்தைக் கூட்டி நினைத்தால் குண்டு தலைக்கு மேல் பறக்கும். குறைத்து நினைத்தால் முன்னாலேயே மண்ணைத் தின்னும். "கை நடுங்கினாக்கூடப் பிழைச்சுக்கலாம்ணே. கண்ணு தப்பினா ஒண்ணும் செய்ய முடியாது" என்பான்.

ஜெயித்தவருக்கு வெள்ளிக் கோப்பை. முத்தையாவுக்கு அது வேண்டாம். கோப்பையோடு சங்கத்தில் பயிற்சியாளர் வேலையும், கடற்கரையோரம் குடியிருக்க ஒரு வீடும் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அதற்காகத்தான் வந்தான். அந்த வீட்டில் வந்து இருக்க வேண்டியவள் அஞ்சலை.

அஞ்சலை அவன் மனைவி. திருப்போரூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். அவசர கால ஆண்டுகள் அவை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. முத்தையா கம்பிக்கு இந்தப் பக்கம் துப்பாக்கியோடு காவல். ஒரு நாள் ஊரடங்கு நேரத்தில் அவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு இழுத்தது. கேட்டைத் திறக்க மேலிடத்து உத்தரவு வேண்டும். உத்தரவு வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. அடுத்த கப்பலில் அஞ்சலை அப்பன் வீட்டுக்குக் கிளம்பினாள். "நான் இனி அந்த மண்ணை மிதிக்க மாட்டேன். நீ இங்க ஒரு வேலையோட வந்தா குடும்பம் நடத்தலாம்" என்று சொல்லி அனுப்பினாள். அவனுக்குத் தெரிந்தது இரண்டே வேலை. பால் வெட்ட ரப்பர் மரம் இந்த ஊரில் இல்லை. மிச்சம் இருந்தது துப்பாக்கி. மலாயாவுக்குத் திரும்பிப் போகும் அனுமதிச் சீட்டும் முடியப் போகிறது. அது முடிந்தால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

மறுநாள் காலையில் ஊருக்குக் கிழக்கே பாறைக் குன்றுகளின் அடியில் முதல் பாதி. மேற்பார்வைக்கு ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர் வந்திருந்தார். நம்மவர்தான், ஆனால் தமிழை வேலைக்காரரிடம் மட்டும் பேசுகிறவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைப் பக்கத்திலிருந்த குமாஸ்தா எங்களுக்குத் தமிழாக்கினார். "தகடுகளெல்லாம் ஒரே அளவு என்று நம்பாதீர்கள். சிறியதும் உண்டு, பெரியதும் உண்டு. தகட்டைப் பார்த்துத் தூரம் சொல்கிறவன் ஏமாறுவான். நிலத்தைப் பார்."

அங்கேதான் செய்யூர் கோதண்டத்தைச் சந்தித்தோம். வேர்க்கடலை மண்டி முதலாளி. நிலத்தில் இறங்குகிற காட்டுப்பன்றிகளைச் சுட்டே பெயர் வாங்கியவர். மீசை இரண்டு பக்கமும் நெடுஞ்சாலைக்குக் கைகாட்டுகிற மாதிரி நின்றது. முத்தையாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மச்சான், மலாயாவுல கொசு சுட்டுகினு இருந்தியா?"

"ஆமாங்க. பெரிய கொசு" என்றான் முத்தையா.

கோதண்டம் மடியிலிருந்து ஒரு கை வறுத்த கடலை எடுத்து அவனுக்கு நீட்டினார். வம்புக்கும் அவரே, உபசாரத்துக்கும் அவரே. கிளிஞ்சல் மாதிரிப் பேச்சு. ஓரம் கூர், உள்ளே வழவழப்பு.

போட்டி தொடங்கும் முன் முத்தையா ஒரு காரியம் செய்தான். பாறையோரம் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகளிடம் போய், ஒன்றைப் பிடித்து நிறுத்தித் தன் தொடையோடு உயரம் பார்த்தான். ஆட்டுக்காரர், "யோவ், வாங்கறதுன்னா வெல பேசு, சும்மா தடவிகினு இருக்காத" என்று கத்தினார். முத்தையா திரும்பி வந்து, "நம்ம ஊர் ஆட்டைவிட நாலு விரல் உசரம்ணே. இது தெரியாம சுட்டிருந்தா எல்லாம் தப்பியிருக்கும்" என்றான். பிறகு குன்றின் மேல் தகடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆடு மேய்ந்தால் ஆட்டை வைத்தும், ஆடு இல்லாத இடத்தில் கொடி பிடித்து நின்ற ஆளை வைத்தும் தூரம் சொன்னான். தகடு டங்கென்று சொல்லும், கொடி ஏறும். மாலைக்குள் அவன்தான் முதல். கோதண்டம் ஒரு தகடு பின்னால்.

அன்று இரவுச் சாப்பாட்டில் முத்தையா மூன்று தடவை சோறு வாங்கினான். இந்தப் பயணத்தில் அவன் வயிறு நிறையச் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். எனக்கு மட்டும் ஏனோ பயமாக இருந்தது. எங்கள் தோட்டத்துக் கங்காணி ஒருவர் சொல்வார்: முதல் பிடி இனித்தால் கடைசிப் பிடியை முகர்ந்து பார்த்துத் தின்னு.

அடுத்த நாள் போட்டி இல்லை. திருப்போரூருக்குப் பஸ் ஏறினோம். பாதி வழியில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. நடத்துநர் இறங்கி, மூடியைத் திறந்து, புகையைப் பார்த்து, "தண்ணி கேக்குது. குட்த்தாலும் போவுமோ போவாதோ" என்றார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் பயணிகள் நடத்துநரைத் திட்டுவார்கள். இங்கே எல்லாரும் இறங்கி, புளியமர நிழலில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் உறவு விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டம் வெற்றிலை முடிவதற்குள் இரண்டு சம்பந்தம் பேசி முடிந்திருக்கும்.

எங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பின்னால் வந்த ஒரு மாட்டுவண்டியைக் கைகாட்டி நிறுத்தினோம். திருப்போரூர்க் கோயில் திருவிழாப் பந்தலுக்குச் சவுக்குக் கழி ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. வண்டிக்காரர் பெயர் கன்னியப்பன். "கழி மேலயே ஏறிக் குந்துங்கோ. குத்தினா என்னியத் திட்டாதீங்கோ, முருகனத் திட்டுங்கோ" என்றார்.

கழிகள் மணிக்கட்டுக் கனம்தான் இருந்தன. முழு மரத்தையே வேர் வெட்டிக் கிளை சீவி அடுக்கியிருந்தார்கள். அடிமரம் எங்கே என்று கேட்டேன்.

"அடிமரமா? இதான் அண்ணாத்த மரம். சவுக்கு இந்தப் பக்கம் நாலு வருசம் நின்னா ஜாஸ்தி. அதுக்குள்ள மெட்ராஸ் அடுப்பு கூப்ட்டுடும். வெட்டிட்டு மறுபடியும் நடுவானுங்கோ."

மெட்ராஸ் அடுப்பு கூப்பிடும் என்ற பேச்சு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வழியெல்லாம் அதை வாயில் போட்டு மென்றுகொண்டு வந்தேன். முத்தையா கழிகளின் மேல் மல்லாந்து படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டு வந்தான். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் எங்கள் முதுகில் அந்த மரத்தின் பருமனை எழுதிக்கொண்டே போயிற்று. முதுகு படித்தது மண்டைக்கு ஏறவில்லை.

அஞ்சலையின் அப்பன் வீடு திருப்போரூருக்குக் கிழக்கே, கழுவெளி உப்புச் சதுப்புக்குப் போகும் பாதையில் இருக்கிறது. நாங்கள் போனபோது அவள் வாசலில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தாள். முத்தையாவைப் பார்த்ததும் காலால் நெல்லைத் துழாவுவதை நிறுத்தவில்லை.

"வந்துட்டியா மாமா" என்றாள். அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்து, "காப்பிக்கட அண்ணனா? கறுத்துப் பூட்டீங்கோ" என்றாள்.

கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். குழம்பில் மாங்காய் போட்டிருந்தாள். அதை நான் எழுதிக் காட்ட முடியாது. மலாயாவில் எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால் ஊற்றி ருசியை மெத்தையில் படுக்க வைத்துவிடுகிறோம். இங்கே ருசி எழுந்து நின்று பேசுகிறது.

முத்தையா சாப்பிட்டுக்கொண்டே பேசினான். மேஜர் சொன்னது, ஆட்டின் உயரம், டங்கென்ற சத்தம், சங்கம் தரப்போகிற வீட்டில் கிணறு உண்டு என்று கேள்விப்பட்டது. பிரிந்திருந்த மூன்று வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் துப்பாக்கியைப் பற்றியே பேசினான். அஞ்சலை களியை உருட்டி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இங்க நானும் சும்மா இல்ல" என்றாள் நடுவில். "வந்ததுலேர்ந்து சவுக்குத் தோப்புல தண்ணி ஊத்துற வேல. கொடம் சொமந்து தோள்ல காப்பு காச்சிப் பூடுச்சி, பாரு."

"ம்" என்றான் முத்தையா. "நாளன்னிக்குக் கடைசித் தகடு முடிஞ்சதும் நீ எதையும் சுமக்க வேண்டாம்."

"தூரத்துப் பச்ச கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றாள் அவள். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

மாமனார் கோவிந்தன் கை கழுவும்போது தன் கணக்கைச் சொல்லிவிட்டார். "வேல கெடச்சா இருங்க மாப்ள, மகராசனா இருங்க. கெடைக்கலன்னா எங்கிட்ட கீற நெலம் என் ஒருத்தன் வாய்க்கே பத்தல. ஒளிச்சுப் பேசறதுல இன்னா கீது."

அன்று மாலையே மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம். கடலோரத்துக் கோயிலையும் பாறைச் சிற்பங்களையும் பார்க்க வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. ஒரு பாறை முழுக்க யானையும் முனிவரும் தேவரும் குரங்குமாகப் பிதுங்கி நிற்கிறார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முத்தையா கோயில் சிகரத்தைப் பார்த்து ஒரு கணக்குச் சொல்லி, நடந்து அளந்து, சரியாக வந்ததில் சந்தோஷப்பட்டான். அரைகுறையாகச் செதுக்கி விட்ட ஒரு பாறையும் அங்கே இருக்கிறது. யாரோ உளியைக் கீழே வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அதன் மேல் உட்கார்ந்து சுண்டல் தின்றோம்.

கடற்கரைப் போட்டியன்று கூட்டம் நன்றாக இருந்தது. கட்டுமரக்காரர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று முதல் நாளே தண்டோரா போட்டிருந்ததால் அவர்களும் வேடிக்கைக்கு வந்திருந்தார்கள். "மீனுக்குப் பதிலா தகடு வேட்டை" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "தகட்டக் கொழம்பு வெச்சா எத்தினி புளி போடணும்?" என்றார் இன்னொருவர். கயிற்றுக்கு அப்பால் பெண்கள் கூட்டத்தில் அஞ்சலையும் அவள் அப்பனும் நிற்பதைப் பார்த்தேன். முத்தையாவிடம் சொல்லவில்லை. அவனாகவே பார்த்திருப்பான். அவன் கண்ணுக்குத் தப்புமா?

மணல்மேட்டில் ஒன்று, உப்பளத்து வரப்பில் ஒன்று, இடிந்த சுவரோரம் ஒன்று. கோதண்டமும் முத்தையாவும் மாறி மாறி அடித்தார்கள். கடைசித் தகட்டுக்கு வந்தபோது இருவரும் சமம்.

கடைசித் தகடு கழிமுகத்துக்கு அக்கரையில். நடுவில் தண்ணீர் ஈயத் தகடு போல அசையாமல் கிடந்தது. அதன் பின்னால் வெறும் மணல். ஆடு இல்லை, ஆள் இல்லை, வரப்பு இல்லை. கொடிக்காரர்கூடப் பள்ளத்தில் மறைந்திருந்தார். தகடு சின்னதாக, வெள்ளையாக நின்றது. அதற்குப் பின்னால் ஒரு சவுக்குத் தோப்பு. தோப்புக்குப் பின்னால் கடல்.

முத்தையா படுத்தான். நான் பக்கத்தில் படுத்தேன். வெகுநேரம் தோப்பையே பார்த்தான். அவன் உதடு அசைவது தெரிந்தது.

"தண்ணி மேல பார்த்தா தூரம் குறைவாத் தெரியும்ணே. கூட்டித்தான் போடணும்" என்றான். "பின்னால சவுக்கு நிக்குது. பினாங்குக் கடற்கரைச் சவுக்கு எவ்வளவு உசரம்னு எனக்குத் தெரியும். அது இவ்வளவு சின்னதாத் தெரியுதுன்னா எழுநூறு."

எழுநூறு என்று சைட்டை வைத்தான். பினாங்கில் அந்த மரங்களின் கீழ் நானும் நின்றிருக்கிறேன். இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற அடிமரம். அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும். எனக்கும் எழுநூறு சரியாகத்தான் பட்டது.

முதல் குண்டு. தகடு பேசவில்லை. பைனாகுலரில் புழுதியைத் தேடினேன். தகட்டுக்கு முன்னால் விழுந்திருந்தால் மணல் சொல்லியிருக்கும், தண்ணீரில் விழுந்திருந்தால் தண்ணீர் சொல்லியிருக்கும். தோப்பின் தலையில் நுழைந்து கடலுக்குப் போன குண்டுக்குச் சாட்சி யார்?

"எங்கேண்ணே?"

"தெரியலை முத்தையா. எங்கேயும் தெரியலை."

"பக்கவாட்டுல போயிருக்கும். கடல்காத்து" என்றான். சைட்டைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளிக் குறி வைத்து இரண்டாவதைச் சுட்டான். அதுவும் போனது.  

அடுத்து கோதண்டம் படுத்தார். மீசையை ஒதுக்கினார். முதல் குண்டிலேயே டங்.

கூட்டம் இரைந்தது. முத்தையா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். துப்பாக்கியைச் சங்கத்து ஆளிடம் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். "துப்பாக்கி கோளாறா இருக்குமோ?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வேணாம்ணே" என்றான்.

கோதண்டம் கோப்பையை வாங்கிக்கொண்டார். வேலையைப் பற்றி மேஜர் சொன்னபோது சிரித்தார். "எனக்கெதுக்கு தொர வேல? மண்டிய யாரு பாக்கறது? கோப்ப போதும். வூட்ல பொம்பளைங்க பாயசம் ஊத்திக் குடிக்கட்டும்."

எனக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. குமாஸ்தாவை இழுத்துக்கொண்டு மேஜரிடம் போனேன். ஜெயித்தவருக்கு வேலை வேண்டாம், தோற்றவனுக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை என்று சொல்லி, அஞ்சலையையும் கைகாட்டினேன். மேஜர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். குமாஸ்தா தமிழாக்கத் தயங்கினார். நான் வற்புறுத்தினேன்.

"அவன் கையைப் போல் நல்ல கை நான் பார்த்ததில்லை. ஆனால் நானூறு கஜம்கூட இல்லாததை எழுநூறு என்று நினைத்தான். தூரம் சொல்லத் தெரியாதவனிடம் தூரம் கற்றுக்கொள்ள எப்படிப் பையன்களை அனுப்புவேன்? அடுத்த வருஷம் வரட்டும்."

அடுத்த வருஷம். எங்கள் கப்பல் அடுத்த வாரம்.

நானூறுகூட இல்லை என்று நான் வந்து சொன்னதும் முத்தையா யாரிடமும் சொல்லாமல் கழிமுகத்தில் இறங்கி நடந்தான். முழங்கால் தண்ணீர்தான். நானும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். தகட்டைத் தாண்டினான். அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோப்புக்குள் நுழைந்து ஒரு மரத்தைப் பிடித்தான். ஒரு கைக்குள் அடங்கியது. மேலே பார்த்தான். நாலைந்து ஆள் உயரம் இருந்தால் அதிகம். மரத்தை அசைத்தான். நுனிவரை ஆடி, ஊசி இலைகள் எங்கள் தலையில் உதிர்ந்தன.

மணிக்கட்டுக் கனம். என் முதுகுக்கு அந்த மரத்தை அடையாளம் தெரிந்தது.

பின்னால் தண்ணீர் சலசலத்தது. அஞ்சலை சேலையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். 

"இது இவ்வளவுதானா வளரும்?" என்றான் முத்தையா.

"வளரும். வுட்டாத்தானே? இது மூணு வருசத்து மரம்" என்றாள். "நான் வந்த மாசம் நட்டாங்கோ. மொழங்கா ஒசரம் இருந்துச்சி. இந்த வரிசயெல்லாம் நான் தண்ணி ஊத்துனதுதான். உங்கிட்ட சொன்னனே."

முத்தையா மரத்தை விட்டான். "சொன்ன" என்றான்.

"எந்தத் தோப்பு, எம்மாம் பெருசுன்னு நீ கேக்கல."

"கேக்கலை."

அவள் குத்திக் காட்டியிருந்தால் தேவலை. அவன் தலையில் ஒட்டியிருந்த சவுக்கு இலையை எடுத்துப் போட்டுவிட்டு, "தண்ணி ஏறிகினு வருது, வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

கரையில் கோதண்டம் எங்களுக்காகக் காத்திருந்தார். கோப்பை நிறையக் கடலை. "துன்னு மச்சான்" என்றார். "உன் கண்ணு பெருசு, நான் ஒத்துக்குறேன். ஆனா நான் கடல விக்கிறவன். ஊருக்கு ஊரு அளக்கற மரக்கா வேற. உன் ஊரு மரக்காவ இங்க எடுத்துகினு வந்து அளந்துட்ட." முத்தையா ஒரு கடலையை எடுத்து உடைத்தான். தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான்.

அன்று மாலை அவன் கள் வேண்டுமென்றான். எங்கள் தோட்டத்தில் கள்ளுக்கடை இல்லாத திருப்பம் கிடையாது. இங்கே மதுவிலக்கு. தமிழன் கள் இறக்கக் கற்ற ஊரில் தமிழன் துக்கத்துக்குக் கள் இல்லை. கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன். கோலியைத் தட்டி உள்ளே தள்ளிய சத்தம் தகட்டுச் சத்தம் போலவே இருந்தது. அவன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டான்.

இரண்டு நாள் திருப்போரூரில் இருந்தோம். முத்தையா மாமனாரிடம், இங்கேயே இருந்து தோப்பு வெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். பதில் சொன்னது அஞ்சலைதான். "வெட்டு வருசத்துக்கு நாலு நாளு. மீதி நாளு நைனா வூட்டுல குந்திகினு துன்னா, நீ என் மூஞ்சியப் பாக்க மாட்ட மாமா. தரையத்தான் பாத்துகினு இருப்ப." அவன் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நீயும் வாயேன்" என்று கேட்டான். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள். அந்த அடுப்பிலும் சவுக்குதான் எரிந்தது.

செங்கல்பட்டு நிலையம் வரை வந்து எங்களை வழியனுப்பினாள். வாழையிலையில் புளிச்சோறு கட்டியிருந்தாள். பழைய இட்லிக்காரர் எங்களை ஞாபகம் வைத்திருந்தார். "இன்னா சார், அதுக்குள்ள கெளம்பிட்டீங்கோ? ஊரு புடிக்கலியா?" என்றார். ஊருக்குத்தான் எங்களைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்து, அதுவும் பொய் என்று தோன்றியதால் காப்பி மட்டும் வாங்கிக் குடித்தேன். நுரையோடு குடித்தேன். பழகிவிட்டிருந்தது. பழகும்போதுதான் கிளம்ப வேண்டியிருக்கிறது.

வண்டி நகர்ந்தபோது அஞ்சலை கையை ஆட்டவில்லை. வலது கை இடது தோளைப் பிடித்திருந்தது, குடம் தூக்கும் தோளை. முத்தையா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, நடைமேடை வளைந்து மறையும் வரை பார்த்தான். அவன் வாயிலிருந்து ஒரு எண் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏரி போயிற்று, துவைக்கிற கல் போயிற்று, குன்றுகள் போயின.

மனிதனைப் பேச வைத்தால் பாதிப் பாரம் குறையும் என்பது என் கடைச் சட்டம். வயலுக்கு அப்பால் ஒரு தனி மரம் நின்றது. "முத்தையா, அந்த மரம் எத்தனை கஜம் இருக்கும், சொல்லு பார்க்கலாம்" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். அந்த மரத்தை நிதானமாக, கண்ணைச் சுருக்கி, அது ரயிலுக்குப் பின்னால் நழுவிப்போகும் வரை பார்த்தான்.

"யார் நட்டது, எப்ப நட்டதுன்னு தெரியாம எப்படிண்ணே சொல்றது?" என்றான்.

புளிச்சோற்றுக் கட்டு அவன் மடியில் இருந்தது. பட்டணம் வரும் வரை அதைப் பிரிக்கவில்லை.